தீயுண்ட கழுத்தும் அதன் நிமிர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலிலே தீப்பட்ட இடங்கள் யாவும் ஒரே வகையாக ஆறுவதில்லை. முதுகிலே பட்ட எரிகாயம் ஆறித் தழும்பாகக் கிடக்கும். அதனை உடையவர் சட்டையை அணிந்துகொண்டு அதை மறந்தும் வாழலாம். கழுத்தின் முன்புறத்திலே பட்ட எரிகாயம் அங்ஙனம் மறக்கவிடுவதில்லை. அவ்விடத்துத் தோல் மெல்லியது. தலை எப்பக்கம் திரும்பினும் அதற்கேற்ப இழுபட்டும் தளர்ந்தும் இடங்கொடுக்க வேண்டியது. ஆழமான எரிகாயம் ஆறும்போது சுருங்குவது இயற்கை. கழுத்திலோ அச்சுருக்கத்தை எதிர்த்து நிற்பதற்கு எதுவுமில்லை; தலை தானாகவே முன்னே குனிந்து அதற்கு இணங்கிவிடுகிறது. வாரங்கள் செல்ல நாடி நெஞ்சை நோக்கி இறங்குகிறது. கீழுதடு வெளிப்புறமாகப் பிரண்டு, வாய் மூடாமல், உமிழ்நீர் வழியத் தொடங்குகிறது. வளரும் பிள்ளையாயின் கீழ்த்தாடை எலும்பின் வளர்ச்சியே கோணலாகிவிடும். பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதற்கு உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். மேலே பார்ப்பது என்பது இல்லாமலே போய்விடுகிறது.

இத்தகைய பொருளைப் பற்றிக் கலைப்பீட மாணவர் ஒருவர் எழுதுவது ஏன் என்ற வினா எழலாம். சிகிச்சை முறைகளை விளக்குவது எமது நோக்கமன்று, அதற்குரியோர் வேறு. எம்மை ஈர்த்தது இவ்விடயத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் முறையாகும். சுருங்கிய கழுத்தை வெட்டி விடுவிப்பது சில மணித்தியால வேலை. விடுவிக்கப்பட்ட கழுத்தை மீண்டும் சுருங்கவிடாது வைத்திருப்பது பல மாத வேலை, சிலருக்கு ஓரிரு வருட வேலை. முதலாவதைச் செய்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள. இரண்டாவதைச் செய்தவர்கள் இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், தாதியர், நோயாளியின் தாய், எல்லோருக்கும் மேலாக நோயாளியே. இவர்களை வரலாற்று நூல்களிலே தேடிக் காண்பது அரிது. ஆயினும் கழுத்து எரிகாயத்தைப் பொறுத்தவரையில், சத்திரசிகிச்சையின் நீண்டகாலத் தோல்விக்குக் காரணமாக இருந்தது கத்தியின் குறைபாடு மட்டுமன்று, வெட்டியதற்குப் பின்வரும் காலத்தைக் கணக்கில் எடுக்காமையுமே என்பதை இங்கு காட்ட முயல்வோம்.

தொடங்குவதற்கு முன் தலையணையைப் பற்றி ஒரு சொல். கழுத்து வெந்து கிடப்பவருக்குத் தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் நோவு குறையும். பார்த்திருப்போர் இரக்கத்தினால் ஒரு தலையணையை வைப்பர். அது போதாதென்று இன்னொன்றையும் வைப்பர். கழுத்து மடிந்த அந்த நிலையிலேயே புண் ஆறும், ஆறியபின் நிமிராது. எந்தக் கிடை நோயாளிக்கு இதமாக இருக்கிறதோ அதுவே சுருக்கத்தை உண்டாக்கும் கிடையாகும். எனவேதான் இன்று எரிகாய விடுதிகளிலே கழுத்து வெந்தவருக்குத் தலையணை கொடுக்கப்படுவதில்லை. தோள்களின் கீழே துவாயைச் சுருட்டி வைத்துத் தலையைப் பின்னோக்கிச் சாயவிடுகின்றனர். பார்ப்பவருக்கு இது கொடுமையாகவே தோன்றும். அன்பும் சிகிச்சையும் இவ்வளவு வெளிப்படையாக ஒன்றோடொன்று முரண்படும் இடம் மருத்துவத்திலே அதிகம் இல்லை எனலாம்.

எரிகாயத்துக்கெனத் தனியே எழுந்த ஐரோப்பிய நூல்களுள் முன்னோடியானது, வில்ஹெல்ம் பாப்ரி என்னும் ஜேர்மானிய சத்திரசிகிச்சையாளர் இலத்தீனில் எழுதி 1607இல் பாசல் நகரில் வெளியானதாகும். பாப்ரிசியஸ் ஹில்டானுஸ் என்ற இலத்தீன் பெயரால் அவர் அறியப்படுகிறார். எரிகாயத்தை மூன்று படிகளாக அவர் வகுத்தமை நூல்களிலே தவறாது குறிப்பிடப்படும். அதனிலும் முக்கியமான ஒன்றை அவர் செய்தார். தீயினால் சுருங்கிப்போன கையை வெட்டி விடுவித்ததோடு நில்லாமல், விரல்களைச் சிறிது சிறிதாக இழுத்து நேராக்கி அந்நிலையிலேயே பிடித்து வைப்பதற்கான கருவியொன்றையும் அமைத்து, அதைப் படமாகவும் வெளியிட்டார். வெட்டுதலும் பிடித்து வைத்தலும் ஒரே சிகிச்சையின் இரு பாதிகள் என்ற எண்ணம் அக்கருவியிலே தெளிவாக உண்டு. அது கைக்குரிய கருவி. அதே எண்ணம் கழுத்துக்கு நிலையான வழக்கமாக வந்து சேருவதற்கு மூன்றரை நூற்றாண்டு சென்றது.

கழுத்தின் வரலாற்றிலே முதலில் நின்று நோக்கத்தக்கவர் தோமஸ் டென்ற் மியூற்றர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியிலே 1841இல் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானவர். இளமையிலே பாரிஸுக்குச் சென்று, எரிகாயத்தை ஆறு படிகளாக வகுத்த டுபுய்த்ரெனின் காலத்து வைத்தியசாலைகளைக் கண்டவர். அவரிடம் இருபத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். ஐந்து வயதிலே உடையிலே தீப்பற்றிக் கழுத்து வெந்தவள்; இருபத்துமூன்று ஆண்டுகளாகத் தலையைப் பின்னே சாய்க்கவோ, வாயைச் சில கணங்களுக்கு மேல் மூடி வைத்திருக்கவோ இயலாதவள். மியூற்றர் தழும்பைக் குறுக்கே வெட்டித் தலையைப் பின்னே கொண்டுபோனார். அதனால் ஏற்பட்ட பெரிய வெளியை, தோளின் மேற்புறத்திலிருந்து முழுத்தடிப்போடு கிளப்பிய தோல்மடலை ஒரு புறம் வேரறாமல் சுழற்றிக் கொண்டுவந்து மூடினார். இதனையும் இதுபோன்ற ஏனையவற்றையும் 1842இல் அவர் வெளியிட்டார். ஈதர் மயக்கமருந்து பொதுமக்கள் முன் நிரூபிக்கப்பட்டது 1846இலேயே என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ள வேண்டும். அப்பெண் முழு நினைவோடிருந்தே இதனைத் தாங்கினாள்.

மியூற்றரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தத் துணிவையே பாராட்டுவர். அவர் பெயரால் பிலடெல்பியாவில் இன்றும் நடைபெறும் நூதனசாலையின் விசித்திரப் பொருட்களைப் பற்றியும் எழுதுவர். எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அக்காலத்திலே சத்திரசிகிச்சை முடிந்த நோயாளிகளை வண்டியிலேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அவ்வழக்கத்தை எதிர்த்து, அவர்கள் தங்கித் தேறுவதற்குக் கல்லூரி அறைகள் ஒதுக்க வேண்டுமென வற்புறுத்தியவர்களுள் மியூற்றர் ஒருவர். அவருடைய சிகிச்சை முறை நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழுத்தடிப்பான தோல்மடல் தன்னளவிலே அதிகம் சுருங்காது. அதனால் பின்னைய காலத்துக் கவனிப்பு குறைவாயிருந்தாலும் பலன் ஓரளவு நின்றது. ஆனால் தோளும் நெஞ்சும் சேர்ந்து வெந்தவரிடம் சுழற்றிக் கொண்டுவருவதற்கு நல்ல தோல் எங்கே இருக்கும்? தீ கழுத்தோடு மட்டும் நின்றுவிடுவது அபூர்வமன்றோ.

இக்குறையை நீக்கும் வழியாகத் தோலொட்டு வந்தது. 1869இல் பாரிஸில் றெவெர்டின் மிகச் சிறு தோற்துண்டுகளைப் புண்ணின்மேல் வைத்து வளர்த்துக் காட்டினார். அதன் பின் ஒல்லியே, தியேர்ஷ் முதலியோர் மெல்லிய பெருந்தகடுகளாகத் தோலைச் சீவி ஒட்டினர். 1929இல் பிளேயரும் பிறவுனும் நடுத்தரத் தடிப்பான ஒட்டுத்தோலின் பயனை விளக்கினர். 1939இல் பட்ஜெற் என்பார் ஒரே சீரான தடிப்பில் தோலைச் சீவியெடுக்கும் கருவியை வெளியிட்டார். இனி எவ்வளவு பெரிய புண்ணையும் மூடலாம். இதனை எரிகாய மருத்துவத்தின் பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. கழுத்திலே மட்டும் அவ்வெற்றி ஏமாற்றியது. ஒட்டுத்தோல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குப் பின்னர் சுருங்கும். சத்திரசிகிச்சை முடிந்த அன்று நிமிர்ந்திருந்த தலை, சில மாதங்களிலே மெல்ல மெல்லக் குனிந்து பழைய இடத்துக்கு வந்தது. மறுபடியும் வெட்டினர், மறுபடியும் சுருங்கியது.

முதலாம் உலக யுத்தம் முகங்களையும் கழுத்துகளையும் முன்னெப்போதும் இல்லாத தொகையிலே மருத்துவரிடம் அனுப்பியது. 1916 மே 31இல் ஜட்லந்துக் கடற்போரிலே எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலில் வெடிமருந்து தீப்பற்றி மாலுமிகள் பலர் வெந்தனர். அக்கப்பலின் பெயர் தற்செயலானதன்று; அதனைக் கட்டுவதற்கான பணத்தை மலாய்க் கூட்டுச் சமஸ்தான அரசு பிரித்தானியாவுக்குக் கொடுத்தது. இறப்பரிலும் ஈயத்திலும் வந்த வருமானம் அது. அவ்விறப்பர்த் தோட்டங்களிலே உழைத்த தமிழரையும், அவ்வரசின் கந்தோர்களிலே எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தாரையும் நினைக்கும்போது, உலகின் எந்தத் தீயும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று என்று தோன்றுகிறது. அங்கு வெந்தவர்களுள் வில்லி விக்கறேஜ் என்னும் மாலுமி ஒருவர். கண்ணிமைகளும் உதடுகளும் கழுத்தும் தழும்பாகிச் சுருங்கியிருந்த அவருக்கு, 1917 ஒக்டோபரில் ஹரோல்ட் கில்லிஸ் இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையிலே நெஞ்சிலிருந்து தோல்மடலை உயர்த்தினார். அதன் இரு வேர்களினதும் ஓரங்கள் உட்புறமாகச் சுருள்வதைக் கண்டு, அவற்றைத் தைத்துக் குழாயாக்கிவிட்டார். குழாய்த் தோல்மடல் என்னும் முறை இங்கிலாந்திலே பிறந்தது இங்ஙனம். ஒடெஸாவில் பிலாத்தோவும் ஏறத்தாழ அதே காலத்தில் தனித்து இதைக் கண்டிருந்தார்.

குழாய்த் தோல்மடல் முறை மாதக்கணக்கிலே நீண்டது. அம்மாதங்களில் நோயாளி வைத்தியசாலையிலேயே வாழ வேண்டியிருந்தது. ஆகவே அவரை அசையச் செய்யவும் பயிற்றவும் ஆட்கள் தேவைப்பட்டனர். இலண்டனில் 1894இல் பெண்களால் தொடங்கப்பட்ட உடற்பிடிப்புத் தாதியர் சங்கம் ஏற்கெனவே இருந்தது. அதன் வழியிலேயே பிரித்தானிய இயன்மருத்துவத் தொழில் வளர்ந்தது. அமெரிக்காவிலே யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் புனரமைப்பு உதவியாளர் என்ற பெயரில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். இன்று இரு வேறு தொழில்களாயிருக்கும் இயன்மருத்துவமும் தொழில்வழிச் சிகிச்சையும் அந்நாட்டிலே உருப்பெற்றது அவர்களால். இரண்டாம் உலக யுத்தத்திலே ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் நகரில் ஆர்ச்சிபோல்ட் மக்கின்டோ வெந்த விமானிகளை உப்புநீர்த் தொட்டிகளிலே குளிப்பாட்டினார். புண்ணை இறுக்கி ஓடாக்கும் தனிக்கமில மருந்தை எதிர்த்தார். 1941இல் அந்நோயாளிகள் தம்மைத் தாமே பரிகசித்துக் கினிப் பன்றிகள் கழகம் என்று ஒன்றை அமைத்துக்கொண்டனர். அவரது சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தொட்டியருகே நின்று அவர்களைத் தாங்கித் துடைத்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

1955 மே மாதம் ஹிரோஷிமாவிலிருந்து இருபத்தைந்து இளம்பெண்கள் நியூயோர்க் வந்தனர். பத்து ஆண்டுகளுக்கு முன் அணுகுண்டின் வெப்பத்திலே வெந்தபோது அவர்கள் பெரும்பாலோர் பாடசாலை மாணவிகள். மேடுதட்டிய தழும்புகள், மடங்கிய விரல்கள், இழுபட்ட கழுத்துகள். மவுண்ட் சினாய் வைத்தியசாலையிலே ஆர்தர் பார்ஸ்கி முதலியோர் அவர்களுக்குப் பல சத்திரசிகிச்சைகளைச் செய்தனர். அவர்களுள் ஒருத்தி 1956இல் சத்திரசிகிச்சையின்போது இறந்தாள். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இழுபட்ட கழுத்து மயக்கமருந்து கொடுப்பவருக்கும் பேரிடர். தலையைப் பின்னே சாய்க்க முடியாதவிடத்து மூச்சுக்குழாயிலே குழாய் செலுத்துவது கடினம். ஆதலால் சில வேளைகளில், உள்ளூர் விறைப்பு மருந்தை ஏற்றித் தழும்பைச் சற்று வெட்டி விடுவித்த பின்னரே முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. சுருக்கம் தன்னைத் திருத்துவதற்கான வழியையும் தானே அடைத்து நிற்கிறது.

அதே காலப்பகுதியிலே ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் தோமஸ் குரோனின் என்ற சத்திரசிகிச்சையாளர் மேற்கூறிய தோல்வியை வேறு கோணத்தில் நோக்கினார். மெல்லிய ஒட்டுத்தோல் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு காலம் சுருங்கும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. சுருக்கம் முடிவின்றித் தொடர்வதில்லை. சில மாதங்களிலே அதன் வேகம் தணிந்து, தோல் இளகி நிலைபெறுகிறது. அந்த மாதங்கள் முழுவதும் கழுத்தை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்து வைத்தால், காலம் கடந்தபின் விட்டுவிடலாம். ஆகவே தழும்பை முற்றாக அகற்றித் தோலை ஒட்டி, அது பிடித்துக்கொண்டதும், அந்த நோயாளியின் கழுத்துக்கே அச்செடுத்து வார்த்த கழுத்துப்பட்டையொன்றை அணிவித்தார். நாடியின் கீழிருந்து நெஞ்சின் மேற்புறம் வரை அது படிந்து நிற்கும். ஏறத்தாழ ஆறு மாதம் இடைவிடாது அணிய வேண்டும். இதனை 1957இல் வெளியான மாநாட்டுத் தொகுப்பொன்றிலும், 1961இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலும் எழுதினார்.

எம் கருத்திலே கழுத்து எரிகாய வரலாற்றின் திருப்புமுனை இதுவே. புதிய கத்தியோ புதிய வெட்டோ இங்கு இல்லை. முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டும் நமது முறிவு வைத்தியர் அறிந்த அதே தத்துவந்தான்: சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டு, இயற்கை தன் வேலையை முடிக்கும் வரையில் அசையாது பிடித்து வைத்தல். வேறுபாடு என்னவெனில், எலும்புக்கு வாரங்கள் போதும். தழும்புக்கு மாதங்கள் வேண்டும். எலும்புக்குக் கட்டிய கையைத் தூளியிலே தொங்கவிட்டுக்கொண்டு ஊரிலே திரியலாம்; கழுத்துப்பட்டையை அணிந்தவர் உண்பதும் உறங்குவதும் பாடசாலை செல்வதும் அதனோடேயே. குரோனினின் பெயரை இன்று தேடிப் பார்ப்பவர், 1962இல் அவரும் பிராங்க் ஜெரோவும் செய்த சிலிக்கோன் மார்பக உள்வைப்பைப் பற்றியே மிகுதியும் காண்பர். எது விற்பனையாகுமோ அதற்கே புகழ் சென்று சேர்கிறது போலும்.

குரோனின் காட்டிய வழியைச் சத்திரசிகிச்சைக்குப் பின் என்றில்லாமல், எரிகாயம் பட்ட நாள்முதலே தொடங்கியவர்கள் ரெக்சாஸின் கல்வெஸ்ரன் நகரிலே 1966இல் திறக்கப்பட்ட சிறுவர் எரிகாய நிலையத்தினர். அங்கே டுவேன் லார்சன் தலைமையில் சத்திரசிகிச்சையாளரும் எலும்பு மருத்துவரும் சிகிச்சையாளரும் ஒருசேர வேலை செய்தனர். பார்பரா வில்லிஸ் என்னும் தொழில்வழிச் சிகிச்சையாளர், வெந்த குழந்தைகளுக்கு வெப்பத்தால் இளகும் தகட்டைக்கொண்டு மட்டைகள் செய்த அனுபவத்தை 1969இலும் 1970இலும் தமது தொழிற்சங்கச் சஞ்சிகையிலே எழுதினார். மட்டையைச் செய்த கையே பேனாவையும் எடுத்தது என்பதனாலேயே அவ்விரு கட்டுரைகளும் இவ்வரலாற்றிலே தனித்து நிற்கின்றன. 1971இல் லார்சனும் துணைவரும் வெளியிட்ட கட்டுரை, மட்டையோடு இடைவிடாத அழுத்தத்தையும் சேர்த்தது. மட்டை இறுகப் படிந்திருந்த இடத்தில் தழும்பு தட்டையாகவும் மென்மையாகவும் இருப்பதை அவர்கள் கவனித்திருந்தனர். நாளப்புடைப்பு உள்ளவருக்குக் காலுறை தைத்துவந்த ஜொப்ஸ்ற் கம்பனியின் நெருக்குத் துணி இவ்வாறு எரிகாயத்துக்கு வந்தது.

அதே 1971ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கபியானியும் துணைவரும் சுருக்கத்தின் காரணத்தையே நுணுக்குக்காட்டியில் கண்டனர். ஆறும் புண்ணிலே நார் உற்பத்தி செய்யும் கலங்கள் சில, தசைக்கலங்களைப் போலத் தம்முள்ளே சுருங்கும் இழைகளைக் கொண்டிருந்தன. புண் என்பது உயிரற்ற தோல் காய்ந்து சுருங்குவது போன்ற ஒன்றன்று. உயிருள்ள கலங்கள் இழுக்கின்றன. மட்டை அவற்றுக்கு எதிராக இழுக்கிறது. கழுத்திலே மாதக்கணக்கில் நடப்பது இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி. குரோனின் அனுபவத்தாற் கண்ட கால எல்லைக்கு இங்ஙனம் ஒரு விளக்கம் கிடைத்தது.

அத்தகட்டைப் பற்றியும் சிறிது கூறத்தக்கது. வில்லிஸ் பயன்படுத்திய ஓர்தோபிளாஸ்ற் என்பது செயற்கையான ஐசோப்பிரீன் பல்பகுதியம். சுடுநீரிலே இட்டால் துணிபோல் தளரும். கழுத்தின்மேல் வைத்து விரல்களால் அழுத்தினால் வடிவெடுக்கும். சில நிமிடங்களிலே ஆறி விறைக்கும். நமது இறப்பர்ப் பாலிலுள்ளதும் ஐசோப்பிரீன் சங்கிலியே. ஆயின் சங்கிலியின் மடிப்பு வேறு. ஓர்தோபிளாஸ்றின் மடிப்பு, மலாய்க் காடுகளிலே எடுக்கப்பட்ட கட்டாப்பேர்ச்சா என்ற பிசினுக்குரியது. 1843இல் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் மொன்கொமெரி அப்பிசினை இலண்டனுக்கு அறிமுகஞ் செய்தபின், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகியும் எலும்பு முறிவுக்கு மட்டையாகியும் அது பரவியது. மலாயர் அதனைச் சுடுநீரில் இளக்கிக் கத்திப்பிடிகள் செய்ததைக் கண்டே வெள்ளையர் அதன் பயனை அறிந்தனர். அதன் பின்னர் வந்த பொலிகப்ரோலக்டோன் தகடுகள் 65 பாகை முதல் 75 பாகை செல்சியஸ் வரையான நீரிலே இளகுகின்றன. 1979இல் அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் ஒளிபுகும் முகமூடியை விவரித்தனர். அழுத்தத்தால் தழும்பு வெளிறுவதைக் கண்ணாலே பார்த்துச் சரிசெய்ய அது உதவியது. 1983இல் அவுஸ்திரேலியாவிலே சிலிக்கோன் களி தழும்பின்மேல் வைக்கப்பட்டது.

எல்லாம் ஐயமறத் தெளிந்துவிட்டன என்று எண்ணிவிடலாகாது. நெருக்குத் துணியின் பயனைப் பற்றி 2009இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, தழும்பின் உயரத்தைச் சற்றுக் குறைப்பதற்கு மேல் பெரும் பயனை நிறுவ முடியவில்லை என்றது. இன்னொரு புறம், சுலொவேனியாவின் மரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் 1970இல் வெளியிட்ட முறைப்படி, வெந்த தோலைத் தொடக்க நாட்களிலேயே சீவி அகற்றித் தோலொட்டினால், சுருக்கத்துக்கே இடம் குறைகிறது. அங்ஙனம் செய்யக்கூடிய நாடுகளிலே நாடி நெஞ்சோடு ஒட்டிய கழுத்தை இன்று காண்பது அரிதாகிவிட்டது. வறிய நாடுகளிலே அது இன்னும் உண்டு. பழைய நூல்களிலுள்ள மியூற்றரின் நோயாளியை இன்றும் நாம் சந்திக்கலாம். கால இடைவெளி என்று நாம் கருதுவது பெரும்பாலும் பண இடைவெளியே.

பார்ஸ்கியின் பெயர் மீண்டும் ஒருமுறை வருகிறது. ஹிரோஷிமாப் பெண்களுக்குச் சிகிச்சை செய்த அவர், வியட்நாமில் யுத்தத்திலே வெந்த சிறுவருக்காகச் சைகோனில் ஒரு பிரிவை அமைத்தார். 1972 யூன் 8இல் நேபாம் குண்டினால் வெந்து வீதியிலே ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக்கின் படம் உலகறிந்தது. அச்சிறுமி அப்பிரிவிலே சேர்க்கப்பட்டாள். சைகோனில் பதினான்கு மாதம், பதினேழு சத்திரசிகிச்சைகள். நாள்தோறும் புண் கழுவும் தொட்டியிலே நோவினால் மயங்கிவிடுவதைப் பின்னர் அவரே கூறியிருக்கிறார். கழுத்தையும் உடலையும் ஓரளவு தடையின்றி அசைக்க முடிந்தது 1980களில் மேற்கு ஜேர்மனியிலே பெற்ற சிகிச்சைக்குப் பின்னரே. படம் எடுப்பதற்கு ஒரு கணம் சென்றது. வரலாற்றுப் பாடநூல்களிலே அக்கணம் மட்டும் இருக்கிறது.

நமது நாட்டிலே கழுத்தையும் நெஞ்சையும் எரித்தவற்றுள் போத்தல் விளக்கு முக்கியமானது. வெறும் போத்தலிலே மண்ணெண்ணெயை ஊற்றி, மூடியிலே துளையிட்டுத் திரியைச் செருகிய விளக்கு. யுத்தகாலத்திலே மின்சாரமின்றியிருந்த வடக்குக் கிழக்கு வீடுகளில் அதன் வெளிச்சத்திலே படித்தவர்கள் பலர் இன்று நமது விரிவுரையாளர்களாயும் உள்ளனர். உயரமும் பாரக்குறைவும் உள்ள போத்தல் சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் உடையிலே பாயும். தீ மேல்நோக்கி எழும். மேல்நோக்கி எழுந்தால் அது சேருமிடம் கழுத்தும் நாடியுமே. சத்திரசிகிச்சையாளர் விஜய கொடக்கும்புர 1990களில், மார்மைற் போத்தலை மாதிரியாகக் கொண்டு, குட்டையும் பாரமுமான, உருளாதபடி பக்கங்கள் தட்டையான, திருகுமூடியுள்ள கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கிப் பரப்பினார். 1998இல் அதற்காக றோலெக்ஸ் விருது பெற்றார். மின்சாரம் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டிவிட்ட இன்று போத்தல் விளக்கு அருகிவிட்டது. அதனால் வெந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.

1999 முதல் 2001 வரை மட்டக்களப்பு வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்ட எரிகாய நோயாளிகளைப் பற்றிய ஆய்வொன்று 2002இல் வெளிநாட்டுச் சஞ்சிகையில் வெளியானது. விபத்துகளுக்கு வீட்டுப் போத்தல் விளக்குகளே முக்கிய காரணமென அது காட்டிற்று. தம்மேல் தாமே தீயிட்டுக்கொண்டவர்களும் அதிலே கணிசமானோர். அதன் தலைப்பு நோய்ப்பரம்பலையும் இறப்பையும் குறிக்கிறது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களின் கழுத்து ஓராண்டின் பின் எவ்வாறிருந்தது என்பது அத்தகைய ஆய்வுகளின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அந்த ஓராண்டு வீட்டிலேதான் கழிகிறது. கழுத்துப்பட்டையை நாளொன்றுக்கு இருபத்துமூன்று மணித்தியாலம் அணியுமாறு கூறுவது வழக்கம். குளிப்பதற்கும் உண்பதற்கும் பயிற்சிக்கும் மட்டும் கழற்றலாம். நமது வெக்கையிலே பட்டையின் கீழ் வியர்வை தேங்கும். ஆறும் தழும்பு இயல்பாகவே அரிக்கும். வியர்த்தால் இன்னும் அரிக்கும். பிள்ளை இரவிலே தூக்கத்தில் பிடுங்கி எறியும். தாய் எழுந்து மீண்டும் கட்டுவாள். இளகும் தகடு விலைகூடியது. அது இல்லாதவிடத்துப் பாரிஸ் சாந்தினால் வார்த்துப் பஞ்சு வைத்து அதே வேலையைச் செய்யலாம். ஆயினும் பிள்ளை வளரும்தோறும், தழும்பு இளகும்தோறும் பட்டையைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். அதற்குப் பேருந்துக் காசு வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், விடுப்புக் கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு முகட்டைப் பார்க்கும் பயிற்சியை நாளிலே பலமுறை செய்விக்க வேண்டும். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும்போது பட்டையைக் கழற்றிவிடச் சொல்லும் உறவினரையும் சமாளிக்க வேண்டும். பெண்பிள்ளையாயின் அவ்வாறு சொல்பவர்கள் அதிகம்.

இவையெல்லாம் எங்கே பதிவாகின்றன என்று தேடினால், ஓரிடம் உண்டு. சிகிச்சைக்கு வரும்தோறும், தலையை முடிந்தவரை பின்னே சாய்க்கச் சொல்லி, நாடிக்கும் நெஞ்சென்பின் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தை இயன்மருத்துவர் நாடாவினால் அளக்கின்றார். திகதியும் அதனருகே சென்ரிமீற்றர் அளவும் எழுதப்படுகின்றன. மாதங்கள் செல்ல அந்த எண் கூடும். ஒரு மாதம் வராமல் விட்டிருந்தால் குறைந்திருக்கும். நமது நாட்டில் கிளினிக் கொப்பியை நோயாளியே வீட்டில் வைத்திருப்பது வழக்கம். பிறப்புச் சான்றிதழோடும் பங்கீட்டு அட்டையோடும் ஒரு பிளாஸ்ரிக் பையிலே சுற்றி அலுமாரிக்குள் அது இருக்கும்.